காயலான் கடை பிடியு: பழைய இரும்பை நெட்வொர்க்கில் உட்கார வைப்பது

சென்னை ரிச்சி தெருவின் உள்சந்துகளில் பழைய சர்வரும் யுபிஎஸ்ஸும் அடுக்கி வைத்திருக்கும் கடைகளில், 19 அங்குல அகலமும் ஒன்றே முக்கால் அங்குல உயரமுமாக, எட்டுச் சாக்கெட்டோடு ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி சுவரோரம் சாய்ந்து கிடக்கும். அம்பத்தூர், சிறுசேரிப் பக்கம் ரேக்கைப் புதுப்பிக்கும்போது கழற்றிப் போடுகிற பவர் டிஸ்ட்ரிபியூஷன் யூனிட் அது. சுருக்கமாகப் பிடியு. கடைக்காரருக்கு அது எடை போட்டு விற்கிற இரும்பு. ஒவ்வொரு சாக்கெட்டையும் நெட்வொர்க் வழியாகத் தனித்தனியே ஆன், ஆஃப் செய்கிற பெட்டி என்று தெரிந்துவிட்டால் விலை வேறாகிவிடும்.

இதை வாங்கி ரவுட்டர், கேமரா ரெக்கார்டர், சின்ன அலுவலக சர்வர் என்று மாட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் உள்ளே இருக்கும் நெட்வொர்க் கார்டைப் பார்த்துத்தான் ஆசைப்படுகிறார்கள். கார்டு செத்திருந்தால் பெட்டியையே தூக்கிப் போடுகிறார்கள். கணக்கு தலைகீழ். கார்டை மாற்றிவிடலாம். இறுக்கமாகப் பிடிக்கும் சாக்கெட், தடித்த செம்பு, சர்க்யூட் பிரேக்கர், ஒழுங்காக எர்த் செய்த எஃகுப் பெட்டி, 10 அல்லது 16 ஆம்பியர் ரிலே (காயிலுக்குக் கரண்ட் கொடுத்தால் இயங்கும் ஸ்விட்ச்) ஆகியவைதான் புதிதாகச் செய்யப் போனால் கையைக் கடிக்கும். பிளாஸ்டிக் எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குள் நீல ரிலே மாட்யூலைத் திணித்துச் செய்கிற வேலையைவிட, செத்த கார்டுள்ள பிடியு பல மடங்கு பாதுகாப்பான தொடக்கம்.

கடையிலேயே பார்க்க வேண்டியது

முதலில் லேபிளில் இன்புட் வரி. 200–240 அல்லது 230 வோல்ட் என்றிருந்தால் எடுக்கலாம். 100–120 என்றோ வெறும் 120 என்றோ இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அமெரிக்க லாட்டில் வந்தவை நடுவில் கலந்திருக்கும். ஏபிசி (APC) நிறுவனத்தின் ஏபி7900 பார்வைக்கு ஏபி7920 போலவே இருக்கும். ஆனால் அது 120 வோல்ட் பெட்டி, சாக்கெட்டும் தட்டை முள் வகை. நம் 230ஐக் கொடுத்தால் உள்ளே உள்ள பவர் சப்ளை போய்விடும். ஏபி7920 என்பது எட்டு சி13 சாக்கெட், 10 ஆம்பியர், மின்சாரம் உள்ளே வர சி14 (கம்ப்யூட்டரின் பின்னால் பவர் கேபிள் ஏறும் அதே துளை). ஏபி7921 அதே எட்டு சி13, 16 ஆம்பியர், உள்ளே வர அதைவிடப் பெரிய சி20. வீட்டுக்கும் சின்ன அலுவலகத்துக்கும் இந்த அளவு தோது.

நெட்வொர்க் துளை இருப்பதால் மட்டும் அது சாக்கெட்டை அணைக்கும் என்று அர்த்தமில்லை. மீட்டர்டு வகையிலும் துளை உண்டு, ஆம்பியர் காட்டும் திரையும் உண்டு. அது அளக்கும், அவ்வளவுதான். ஸ்விட்ச்டு வகையில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் ஒரு எல்இடி இருக்கும். சந்தேகமிருந்தால் காற்றுத் துளைக்குள் டார்ச் அடித்து, வரிசையாக ரிலே இருக்கிறதா என்று பாருங்கள்.

நீளமான செங்குத்துப் பெட்டிகளில் ஐந்து முள் சிவப்புப் பிளக்கோடு வருவது மூன்று பேஸ் வகை. வீட்டில் சிங்கிள் பேஸ்தானே, மூன்று பேஸ் ஒயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று சிலர் செய்கிறார்கள். மூன்று பேஸில் சுமை சமமாக இருந்தால் நியூட்ரலில் ஓடும் கரண்ட் ஏறக்குறைய ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஒன்றாக முறுக்கினால் மூன்றும் கூடி அந்த ஒற்றை நியூட்ரல் ஒயரிலேயே திரும்பும். அப்படிச் செய்வதாக இருந்தால் மேலே உள்ள எம்சிபி (வீட்டு போர்டின் சர்க்யூட் பிரேக்கர்) 16 ஆம்பியரைத் தாண்டக் கூடாது. என்னைக் கேட்டால் அந்த நீளப் பெட்டி வேண்டாம். வீட்டில் அதை வைக்கவும் இடமிருக்காது.

பில் வாங்குங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள், 2022 படி, பெரிய நிறுவனங்கள் தங்கள் கழிவைப் பதிவு பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று சொல்லக்கூடிய கடையில் வாங்குவது பின்னால் தலைவலியைக் குறைக்கும்.

கரண்ட் கொடுப்பதற்கு முன்

மூடியைக் கழற்றுங்கள். சென்னைச் சரக்கில் வழக்கமாக இருப்பவை: காய்ந்த பல்லி, கரப்பான் எச்சம், கடற்காற்று பட்ட செம்பில் பச்சைப் பூஞ்சை மாதிரி ஒரு படலம். பல்லி பரவாயில்லை, ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். பச்சைப் படலம் சாக்கெட்டின் உள் தகட்டுக்கே ஏறியிருந்தால் அந்தச் சாக்கெட்டை மாற்றுங்கள். சுரண்டிச் சுத்தம் செய்தால் மேல்பூச்சு போய் இன்னும் வேகமாக அரிக்கும்.

அடுத்து ரிலேக்களின் அடிப்பக்க சால்டர். வருடக்கணக்கில் சூடேறி ஆறியதில் பின்னைச் சுற்றி மோதிரம் போல மெல்லிய விரிசல் விழுந்திருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது, பூதக்கண்ணாடியில் தெரியும். ரிலேயின் பவர் பின்கள் எல்லாவற்றையும் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்ற வையுங்கள். எட்டு ரிலேக்கு அரை மணி நேர வேலை. பவர் சப்ளையில் தலை வீங்கிய கெபாசிட்டர் இருந்தால் 105 டிகிரி வகையாகப் போடுங்கள்.

இப்போது எர்த். சி14 துளையின் எர்த் முள்ளிலிருந்து ஒவ்வொரு சாக்கெட்டின் எர்த் துளைக்கும், பெட்டியின் பெயின்ட் இல்லாத இடத்துக்கும் மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். மீட்டர் ஒயரின் சொந்த ஓமைக் கழித்த பிறகு பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். அரை ஓம் காட்டினாலே ஸ்க்ரூ அடியில் பெயின்டோ துருவோ இருக்கிறது; நட்சத்திர வாஷர் போட்டு இறுக்குங்கள்.

மெக்கரில், அதாவது காப்பை அளக்கும் மீட்டரில், பலர் ஏமாறுவார்கள். பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகச் சேர்த்து, எர்த்துக்கு எதிராக 500 வோல்ட் மெக்கரில் அளந்தால் சில பெட்டிகள் படு மோசமாகக் காட்டும். காப்பு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மின்னல் தடுப்புக்கு வேரிஸ்டர் இருக்கும். 431 என்று எழுதியிருந்தால் அது 430 வோல்ட் டிசியிலேயே கடத்தத் தொடங்கிவிடும். மெக்கர் கொடுக்கும் 500ஐ அது விழுங்குகிறது. வேரிஸ்டரின் ஒரு காலைத் தூக்கிவிட்டு அளக்கலாம், அல்லது 250 வோல்ட்டில் அளக்கலாம். அப்போதும் 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால்தான் உண்மையான கோளாறு. மழைக்காலத்தில் வாங்கியிருந்தால் இரண்டு நாள் வெயில் படாத சூடான இடத்தில் உலர வைத்து மறுபடி அளந்து பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

முதல் மின்சாரம் சீரியஸ் பல்பு வழியாக. 60 வாட் குண்டு பல்பை பேஸில் தொடராகப் போட்டு, சாக்கெட் எல்லாம் காலியாக வைத்து ஆன் செய்யுங்கள். ஒரு மின்னல் அடித்து அணைந்தால் பவர் சப்ளை நலம். முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். மறுபடி மூடியைத் திறக்குமுன், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டரில் 320 வோல்ட் வரை நிற்கும் என்பது நினைவில் இருக்கட்டும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் காலி செய்து, மீட்டரில் பார்த்து, பிறகு கை வையுங்கள்.

கார்டு உயிரோடு இருந்தால்

ஏபிசியின் பழைய 7900 வரிசையை வைத்துச் சொல்கிறேன், அதுதான் அதிகம் கிடைக்கிறது. பழைய முதலாளியின் ஐபி முகவரியும் பாஸ்வேர்டும் அதில் அப்படியே இருக்கும். சாக்கெட்டுக்கு வைத்த பெயர்கள், எச்சரிக்கை போக வேண்டிய முகவரிகள் எல்லாமே இருக்கும். முதல் வேலை அதைத் துடைப்பது.

சீரியல் துளை டெலிபோன் பிளக் போன்றது. அதற்கு 940-0144 எண்ணுள்ள கேபிள் வேண்டும். கையில் கிடைத்த கேபிளை வெட்டி ஒட்டினால் வேலை செய்யாது. யுஎஸ்பி மாற்றி ஆர்எஸ்232 அளவில் இருக்க வேண்டும், 3.3 வோல்ட் டிடிஎல் மாற்றி கூடாது. வேகம் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். ரீசெட் பட்டனை அழுத்தினால் ஸ்டேட்டஸ் எல்இடி ஆரஞ்சும் பச்சையுமாக மாறி மாறி மின்னும். அது மின்னிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு முறை அழுத்துங்கள். என்டரைத் தட்டிப் பெயர் கேட்கும் வரி வந்ததும் 30 நொடிக்குள் பெயர், பாஸ்வேர்டு இரண்டிலும் சின்ன எழுத்தில் apc என்று கொடுத்து உள்ளே போக வேண்டும். தாமதித்தால் முதலிலிருந்து.

நெட்வொர்க்கில் இரண்டு இடங்களில் சிக்கல் வரும். ஒன்று, டிஎச்சிபி, அதாவது ரவுட்டர் தானாக முகவரி கொடுக்கும் முறை. ரவுட்டர் முகவரி கொடுத்தாலும் கார்டு வாங்க மறுக்கும். பதிலில் 43ஆம் ஆப்ஷனாக 01 04 31 41 50 43 என்ற ஆறு பைட் வந்தால்தான் ஏற்பது என்ற அமைப்பு இயல்பாகவே ஆன் ஆகியிருக்கும். வீட்டு ரவுட்டரில் இதைச் சேர்க்க வழி இருக்காது. முகவரியைக் கையாலேயே கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, கேட்வே, அதாவது வெளியே போகும் வழியாகக் கார்டில் எழுதும் முகவரி. கார்டுக்கு ஒரு காவல் கடிகாரம் உண்டு: ஒன்பதரை நிமிடம் நெட்வொர்க்கில் எந்தப் பேச்சும் வரவில்லை என்றால் தன்னையே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும். அப்படி ஆகாமலிருக்க நாலரை நிமிடத்துக்கு ஒரு முறை கேட்வேயைக் கூப்பிட்டுப் பார்க்கும். கேட்வே இடத்தில் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவைத்தால் அமைதியான நெட்வொர்க்கில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கார்டு காணாமல் போய்த் திரும்பும். பலர் இதைப் பார்த்துத்தான் கார்டு போச்சு என்று முடிவு கட்டுகிறார்கள். பதில் சொல்லக்கூடிய ஒரு முகவரியைக் கேட்வேயாகக் கொடுத்தால் தீர்ந்தது. கார்டு ரீஸ்டார்ட் ஆனாலும் சாக்கெட்டுகள் இருந்த நிலையிலேயே இருக்கும் என்பதைக் கவனியுங்கள். இந்த ஒழுங்கு பின்னால் நாம் செய்யப் போகும் மூளையிலும் வேண்டும்.

பிரௌசரில் திறந்து பட்டன் அழுத்துவது ஒரு நாள் வேடிக்கை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்க முடியும், பாதுகாப்பு முறைகள் பழையவை, புது பிரௌசர்கள் மறுக்கும். தானியங்கி வேலைக்கு, நெட்வொர்க் கருவிகளைப் படிக்கவும் இயக்கவும் உள்ள எஸ்என்எம்பி முறைதான் வழி. ஐந்தாவது சாக்கெட்டுக்கு 1.3.6.1.4.1.318.1.1.12.3.3.1.1.4.5 என்ற எண்ணில் முழு எண்ணாக 1 எழுதினால் ஆன், 2 எழுதினால் ஆஃப், 3 எழுதினால் அணைத்து மறுபடி போடும். கடைசி இலக்கம்தான் சாக்கெட் எண். அதே எண்ணைப் படித்தால் இப்போதைய நிலை வரும். மொத்த கரண்ட் 1.3.6.1.4.1.318.1.1.12.2.3.1.1.2.1 என்ற எண்ணில், பத்தில் ஒரு ஆம்பியர் அலகில் கிடைக்கும்; 23 வந்தால் 2.3 ஆம்பியர். அதை 230ஆல் பெருக்கி வாட் என்று எழுதாதீர்கள், பவர் ஃபேக்டர் கணக்கில் வரவில்லை.

ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுக் கருவிகளை இயக்கும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் அதன் எஸ்என்எம்பி ஸ்விட்ச் பகுதியில் இந்த எண்ணையும் ஆனுக்கு 1, ஆஃபுக்கு 2 என்றும் கொடுத்தால் போதும். கட்டளை போயும் சாக்கெட் அசையவில்லை என்றால் மதிப்பின் வகையை முழு எண் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கும். பத்து நொடிக்கு ஒரு முறைக்கு மேல் கேட்டு நச்சரிக்க வேண்டாம். உள்ளே இருப்பது மெதுவான பழைய செயலி.

எழுதும் உரிமைக்கான சொல் பெரும்பாலும் 'பிரைவேட்' என்றே விட்டிருப்பார்கள். மாற்றுங்கள். மாற்றினாலும் எஸ்என்எம்பியின் முதல் பதிப்பில் அது ஒயரில் அப்படியே திறந்து போகும். ஆகவே இந்தப் பெட்டியை வீட்டு நெட்வொர்க்கில் நேரடியாக விடாமல், ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் யுஎஸ்பி ஈதர்நெட் ஒன்றைச் சொருகி, அதிலிருந்து ஒரே ஒரு கேபிளில் தனியே கட்டிவைப்பது நல்லது. பையின் முகவரியையே கேட்வேயாகக் கொடுத்துவிட்டால் காவல் கடிகாரமும் சமாதானமாகிவிடும்.

கார்டு செத்திருந்தால்: புது மூளை

ரிலே போர்டை வைத்துக்கொண்டு கார்டை மட்டும் மாற்றப் போகிறோம். முதலில் ஒரு பரிசோதனை: பழைய ரிலே போர்டின் லோ வோல்டேஜ் கிரவுண்டுக்கும், பேஸ், நியூட்ரல் முட்களுக்கும் நடுவே ஓம் அளக்க வேண்டும். மெகா ஓம் கணக்கில் காட்ட வேண்டும். சில மலிவு மீட்டர்டு பெட்டிகளில் அளவுச் சுற்று நேராக மெயின்ஸிலேயே உட்கார்ந்திருக்கும். அதில் லேப்டாப்பைச் சொருகினால் லேப்டாப் போவது சின்ன நஷ்டம்.

ரிலே காயில்: 12 வோல்ட், 400 மில்லிவாட் வகையில் காயில் 360 ஓம், ஒன்றுக்கு 33 மில்லி ஆம்பியர். 24 வோல்ட் வகையில் 1440 ஓம், 17 மில்லி ஆம்பியர். ரிலேயின் மேலேயே வோல்ட் எழுதியிருக்கும். மீட்டரில் உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு காயில் அல்லது மூன்று காயில் பின் இருந்தால் அது லாட்சிங் வகை: 50 முதல் 100 மில்லி நொடி துடிப்பு கொடுத்தால் போதும், பிறகு கரண்ட் இல்லாமலே அந்த நிலையில் நிற்கும். எட்டு ரிலேக்கு 16 வெளியீடு தேவைப்படும். இரண்டு காயிலுக்கும் ஒரே நேரத்தில் துடிப்பு போகாதபடி நிரலில் பூட்டு வையுங்கள்.

வாங்க வேண்டியவை, சாதாரண ரிலே எட்டுக்கு: கம்பி ஈதர்நெட் உள்ள டபிள்யூடி32-ஈடிஎச்01 போர்டு (ஈஎஸ்பி32 சில்லு உள்ளது) ஒன்று, ரிலே காயிலை இயக்க யூஎல்என்2803 ஒன்று, கூடுதல் பின்களுக்கு எம்சிபி23017 ஒன்று, 12 வோல்ட் 10 வாட் பவர் சப்ளை மாட்யூல் ஒன்று, 12இலிருந்து 5 வோல்ட் பக் கன்வெர்ட்டர் ஒன்று, மாட்யூலுக்கு முன்னால் 1 ஆம்பியர் ஸ்லோ ஃபியூஸ், 471 வேரிஸ்டர். தமிழில் எழுதினால் பிரேக்கரும் எம்சிபிதான், இந்தச் சில்லும் எம்சிபிதான். கடையில் 'ஐசி' என்று சேர்த்துக் கேளுங்கள்.

பவர் சப்ளை ஏன் 10 வாட்? எட்டு ரிலே சேர்ந்து 267 மில்லி ஆம்பியர். ஈஎஸ்பி போர்டு உச்சத்தில் 12 வோல்ட் பக்கம் ஏறக்குறைய 180 இழுக்கும். கூட்டினால் 450. 5 வாட் மாட்யூல் தருவது 420தான். மேஜையில் ஓடும், எட்டும் ஆன் ஆகும் அன்றைக்கு ஈஎஸ்பி தடுமாறி ரீஸ்டார்ட் ஆகும், ஏன் என்று இரண்டு நாள் தேடுவீர்கள். வேரிஸ்டர் 431க்குப் பதில் 471, காரணம் அது 300 வோல்ட் வரை தொடர்ந்து தாங்கும். இரவில் சுமை குறைந்து லைன் வோல்டேஜ் ஏறும் தெருக்களில் 275 வோல்ட் வகை மெல்ல மெல்ல வெந்துபோகும்.

வைஃபை ஏன் வேண்டாம் என்றால், எஃகுப் பெட்டிக்குள் போர்டின் ஆன்டெனா சிறைப்பட்டுவிடும். வைஃபைதான் வேண்டுமென்றால் ஈஎஸ்பி32-யு வகையில் வெளி ஆன்டெனா போட்டாக வேண்டும். கேபிள் இழுக்க முடியும் இடத்தில் கேபிள்தான் என் ஓட்டு.

இந்த ஈதர்நெட் போர்டில் மிச்சமிருக்கும் பின்கள் குறைவு. அதனால்தான் எம்சிபி23017: சில்லுகள் பேசிக்கொள்ளும் ஐ2சி ஒயர் இரண்டை 32, 33 பின்களில் கொடுத்து, முகவரிக் கால்கள் மூன்றையும் கிரவுண்டில் கட்டினால் பதினாறடி எண் முறையில் 20 என்ற முகவரி கிடைக்கும். ரீசெட் காலை 10 கிலோ ஓம் வழியாக 3.3 வோல்ட்டில் கட்டுங்கள், தொங்க விடாதீர்கள். ஐ2சி ஒயர் 15 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும், ரிலே பக்கம் போக வேண்டாம். ரிலே தட்டும்போது எழும் இரைச்சலில் சில்லு தடுமாறி எல்லாச் சாக்கெட்டும் ஒன்றாக விழும். இந்தச் சில்லை நான் பரிந்துரைக்க இன்னொரு காரணம், கரண்ட் வந்ததும் அதன் கால்கள் எல்லாம் உள்ளீடாகவே எழும். யூஎல்என் அமைதியாக இருக்கும். அதற்குப் பதில் 74எச்சி595 போட்டால் எழும் நொடியில் வெளியீடு தாறுமாறாக இருக்கும், எட்டு ரிலேயும் ஒரு தட்டு தட்டிவிட்டு ஓயும்.

ஈஎஸ்பிஹோமில் (ஈஎஸ்பி போர்டுக்கு நிரல் செய்து ஏற்றும் மென்பொருள்) இந்தப் போர்டுக்கு ஈதர்நெட் சில்லு லான்8720, எம்டிசி 23, எம்டிஐஓ 18, கடிகாரம் 0ஆம் பின்னில் உள்ளீடு, பவர் பின் 16, முகவரி 1. போர்டுக்கு 5 வோல்ட் அல்லது 3.3 வோல்ட், ஏதாவது ஒன்றுதான். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

ரிலே காயில் 5 வோல்ட்டாக இருந்தால் யூஎல்என்2803 போடாதீர்கள். அது தனக்கென ஏறக்குறைய ஒரு வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது 4. ரிலே இழுக்கத் தேவை 3.75. டிசம்பரில் ஓடும். கத்திரி வெயிலில் காயில் சூடாகி அதன் ஓம் ஏறும்போது இழுக்காது. அதே கால் வரிசையில் வரும் டிபிடி62083 மாஸ்ஃபெட் வகையாதலால் இந்த இழப்பு இல்லை.

மெயின்ஸ் தடத்துக்கும் லோ வோல்டேஜுக்கும் நடுவே 8 மில்லிமீட்டராவது இடைவெளி. ஒயர் கழன்று விழுந்தால் எங்கே போய்த் தொடும் என்று ஒவ்வொரு முனையையும் கையால் அசைத்துப் பார்த்துக் கேபிள் டை போடுங்கள். டபுள் டேப்பில் போர்டை ஒட்டுவது சென்னைச் சூட்டில் ஒரு வருடம்கூடத் தாங்காது, நைலான் ஸ்பேசர் போடுங்கள்.

இனி நிரலில் ஒரு கண்ணி. ஈஎஸ்பிஹோமில் 15 நிமிடம் எந்த இணைப்பும் இல்லை என்றால் போர்டு தானே ரீஸ்டார்ட் ஆகும்படி இயல்பாக வைத்திருப்பார்கள். ஹோம் அசிஸ்டன்டோடு பேசும் வழிகளான ஏபிஐக்கும் எம்க்யூடிடிக்கும் தனித்தனியே இந்தக் கடிகாரம் உண்டு. பழைய கார்டு ரீஸ்டார்ட் ஆனால் சாக்கெட் அசையாது என்று பார்த்தோம். இங்கே போர்டு போனால் சாதாரண ரிலே விழுந்து எழும். ஹோம் அசிஸ்டன்ட் நின்றுபோன இரவில், கால் மணிக்கு ஒரு முறை உங்கள் சர்வர்கள் எல்லாம் கண் சிமிட்டும். எல்லாக் கடிகாரத்தையும் பூஜ்யமாக்குங்கள். லாட்சிங் ரிலே உள்ள பெட்டிக்கு இந்த ஆபத்தே இல்லை. கடையில் இரண்டும் இருந்தால் அதை எடுங்கள்.

ஆஃப் என்று சொன்னால் ஆஃப் ஆகிவிட்டதா?

மென்பொருளில் காட்டும் ஆஃப் என்பது காயிலுக்குக் கரண்ட் போகவில்லை என்பது மட்டும். உள்ளே ரிலே முனைகள் ஒட்டிக்கொண்டிருந்தால் சாக்கெட்டில் 230 அப்படியே இருக்கும். ஒட்டுவதற்குக் காரணம் ஓடும் கரண்ட் அல்ல, தொடங்கும் கரண்ட். கம்ப்யூட்டர் பவர் சப்ளை ஒன்று குளிர்ந்த நிலையிலிருந்து எழும்போது முதல் சில மில்லி நொடியில் 30, 40 ஆம்பியர் இழுக்கும். பழைய பெட்டியின் ரிலேக்கள் இதை ஏற்கெனவே பல நூறு முறை பார்த்தவை.

கண்டுபிடிக்க ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் ஒரு பிசி814 ஆப்டோகப்ளர் (மெயின்ஸைத் தொடாமல் ஒளியால் தகவல் கடத்தும் சில்லு) போதும். சாக்கெட்டின் பேஸிலிருந்து 100 கிலோ ஓம் இரண்டைத் தொடராகப் போட்டு ஆப்டோவின் எல்இடிக்கும், அங்கிருந்து நியூட்ரலுக்கும். ஒரே 200 கிலோ ஓம் போடாமல் இரண்டாகப் பிரிப்பது ஏனென்றால் கால் வாட் ரெசிஸ்டரின் வோல்ட் தாங்கும் எல்லைக்கே 230 நெருங்கிவிடும். மறுபக்கம் 47 கிலோ ஓம் புல்லப். சாக்கெட்டில் கரண்ட் இருந்தால் நொடிக்கு 100 துடிப்பு வரும். எம்சிபி23017இன் கால்களில் ஏ7, பி7 இரண்டையும் வெளியீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லித் தயாரிப்பாளரே எழுதியிருப்பதால், பின் பங்கீட்டை முதலிலேயே தாளில் போட்டுக்கொள்ளுங்கள்; எட்டையும் படிக்க இன்னொரு சில்லு போடுவதுதான் சுலபம். ஆஃப் சொல்லி ஒரு நொடி கழித்தும் துடிப்பு வந்தால் 'ஒட்டிக்கொண்டது' என்று எச்சரிக்கை. அந்த ரிலேயைத் தட்டிச் சரிசெய்யாதீர்கள், மாற்றுங்கள்.

மொத்தக் கணக்குக்கு உள்ளே வரும் ஒயரில் பிசெம்-004டி என்ற மின் அளவு மாட்யூல் ஒன்று போடலாம். அதன் வளையத்துக்குள் பேஸ் ஒயர் மட்டும் போக வேண்டும். முழு கேபிளையும் நுழைத்தால் போவதும் வருவதும் கழிந்து பூஜ்யம் காட்டும்.

எதை மாட்டலாம், எதைக் கூடாது

சி13 சாக்கெட்டில் நம் மூணு முள் பிளக் ஏறாது. சி14 பிளக் ஒரு பக்கமும் 6 ஆம்பியர் மூணு முள் சாக்கெட் மறுபக்கமுமாக அரை அடி ஒயரில் நாமே செய்துகொள்வது நல்லது. ஒயர் 1 சதுர மில்லிமீட்டர், ஐஎஸ்ஐ முத்திரையுள்ள சாக்கெட். எல்லா நாட்டுப் பிளக்கும் ஏறும் 'யுனிவர்சல்' அடாப்டர் வேண்டாம். பிடி தளர்ந்து அந்த இடம்தான் முதலில் கருகும். 16 ஆம்பியர் சாக்கெட்டை ஒயர் முனையில் போடவே போடாதீர்கள். இருந்தால் யாராவது ஒருநாள் அயர்ன் பாக்ஸையோ இண்டக்‌ஷன் அடுப்பையோ சொருகிவிடுவார்கள். உள்ளே வரும் சி14இன் மொத்த எல்லை 10 ஆம்பியர், எட்டுச் சாக்கெட்டுக்கும் சேர்த்து 2300 வாட்.

தண்ணி மோட்டார், ஃபிரிட்ஜ், ஏசி மூன்றும் இதில் வேண்டாம். ஒரு எச்பி மோட்டார் ஓடும்போது 5, 6 ஆம்பியர்தான், கிளம்பும்போது அதைப்போல ஐந்தாறு மடங்கு. மோட்டாரை இயக்கித்தான் ஆக வேண்டுமென்றால் பிடியு சாக்கெட் ஒரு கான்டாக்டரின் (மோட்டாருக்கான பெரிய ரிலே) காயிலை மட்டும் இழுக்கட்டும்.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் போன கரண்ட் பிற்பகலில் திரும்பும் நொடியில் எட்டும் ஒன்றாக எழுந்தால் மேலே உள்ள எம்சிபி விழும். சாக்கெட்டுக்கு இரண்டு நொடி இடைவெளி விட்டு வரிசையாக எழுப்புங்கள்; முதலில் நெட்வொர்க் ஸ்விட்ச், பிறகு சேமிப்புப் பெட்டி, கடைசியில் கம்ப்யூட்டர். வந்த கரண்ட் இரண்டு மூன்று முறை போய்ப் போய் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆகவே முதல் சாக்கெட்டுக்கு முன்பே ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்லுங்கள்.

மேலே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிபிஓ (எர்த்துக்குக் கசிந்தால் விழும் பிரேக்கர்) கட்டாயம். ஆனால் கம்ப்யூட்டர் பவர் சப்ளை ஒவ்வொன்றும் அரை முதல் ஒரு மில்லி ஆம்பியர் வரை எர்த்துக்குக் கசியவிடும், அது பழுதல்ல, ஃபில்டரின் இயல்பு. 30 என்று எழுதிய ஆர்சிபிஓ 15க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். எட்டுச் சாக்கெட்டும், அதே லைனில் வீட்டின் மற்றதும் சேர்ந்தால் காரணமில்லாமல் ட்ரிப் ஆவது போலத் தோன்றும். பெட்டிக்குத் தனி ஆர்சிபிஓ கொடுங்கள்.

ரவுட்டரை இதில் மாட்டுவதுதான் பலரின் முதல் ஆசை. ரவுட்டருக்கு 'ஆஃப்' கட்டளையே இருக்கக் கூடாது, 'ரீபூட்' மட்டும் இருக்க வேண்டும். அணைத்து 15 நொடி எண்ணி மறுபடி போடும் வேலை முழுக்கப் பெட்டிக்குள்ளேயே நடக்க வேண்டும். இல்லையென்றால் வெளியூரிலிருந்து ஆஃப் செய்தவர் ஆன் செய்ய ஊருக்கு வர வேண்டியதுதான். இணையம் போனால் தானாக ரீபூட் செய்யும் நிரல் எழுதினால் மூன்று முறைக்கு மேல் முயலாமல் ஒரு மணி நேரம் ஓயட்டும். ரோட்டைத் தோண்டிக் கேபிளை வெட்டிவிட்டால் ரவுட்டரை எத்தனை முறை எழுப்பினாலும் பயனில்லை.

வண்ண மீன் தொழில் நடக்கும் கொளத்தூர்ப் பக்கம் தொட்டிகளுக்கு இதைப் போட விரும்புபவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: காற்று பம்ப் உள்ள சாக்கெட் மூளை செத்தாலும் ஓட வேண்டும். பிடியு ரிலேக்கள் பெரும்பாலும் காயில் இழுத்தால்தான் ஆன் ஆகிற ஒற்றை வகை. அந்த ஒரு சாக்கெட்டுக்கு மட்டும் மாற்று முனையுள்ள ரிலே போட்டு, பம்பை இயல்பாக மூடியிருக்கும் முனையில் கொடுத்துவிடுங்கள். விளக்கு எப்படி இருந்தாலும் மீன் சாகாது, காற்று நின்றால் விடிவதற்குள் தொட்டி போய்விடும். பெட்டியைத் தொட்டிக்குக் கீழே வைக்காதீர்கள், ஒயர்கள் சாக்கெட்டுக்குள் நுழையுமுன் கீழே தொங்கி ஒரு வளைவு எடுக்கட்டும். வழியும் தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

வைக்கும் இடம்

பரண், மொட்டை மாடி அறை இரண்டும் வேண்டாம். இந்த வகைப் பெட்டிகள் 45 டிகிரிக்குள் ஓடவே செய்யப்பட்டவை. மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழ் அதைச் சுலபமாகத் தாண்டும். தெர்மல் பிரேக்கரும் சூட்டில் சீக்கிரம் விழும், 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும். திருவான்மியூர், ராயபுரம் மாதிரிக் கடலோர வீடுகளில் காலிச் சாக்கெட்டுகளுக்கு மூடி போடுங்கள்; பயன்படுத்தாத சாக்கெட்டின் தகடுதான் முதலில் அரிக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் ஒரு முறை திறந்து, டெர்மினல் ஸ்க்ரூக்களை இறுக்கி, எர்த்தை மறுபடி அளந்து மூடினால் போதும்.

கழற்றிய பழைய கார்டை மறுசுழற்சிக்குக் கொடுக்குமுன் அதன் முன்தகட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புது போர்டின் ஈதர்நெட் துளையை அதிலேயே அராவிப் பொருத்தி, மிச்ச இடைவெளியைச் சிலிகானால் அடைத்துவிடுங்கள். கார்டு இருந்த அந்த ஓட்டை திறந்து கிடந்தால் அடுத்த பல்லி அதன் வழியாகத்தான் வரும்.